பதினான்காம் தீர்மானம்

நகர மன்றக் கூட்டம் பதினொரு மணிக்கு என்றால் டீ பதினொன்றரைக்கு வந்துவிடும். டீ ஆறுவதற்குள் அத்தனை தீர்மானங்களும் நிறைவேறிவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. எழுத்தர் மூச்சு விடாமல் வாசிப்பார். தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரர், "என்ன, சரிதானே?" என்று பொதுவாகக் கேட்பார். வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து ஏழாவது வார்டு உறுப்பினரான தையல்காரர், "வழிமொழிகிறேன்" என்பார். அவ்வளவுதான், ஒருமனதாக நிறைவேறியாயிற்று!

மூன்று வருடத்துக்கு முன் முதல் கூட்டத்தில் யாருமே வாய் திறக்காமல் முழித்தபோது, பாவம் தலைவர் தவிக்கிறாரே என்று மரியாதைக்காகத் தையல்காரர் சொன்ன வார்த்தை அது. குரல் கணீரென்று இருக்கவே, அன்றிலிருந்து அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. மற்றவர்கள் நிம்மதியாக பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டார்கள். ஊரில் அவருக்கு 'வழிமொழியார்' என்றே பெயர் வந்துவிட்டது. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, "வழிமொழியாரே, காலர் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்பார்கள். மனிதருக்கு உள்ளூர ஒரே பெருமை.

இன்னொரு பெருமையும் இருந்தது, அது நியாயமான பெருமை. யாரிடமும் அவர் கை நீட்டியதில்லை. ஒரு சாலை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து மாட்டிய சுவர்க் கடிகாரத்தை அன்றைக்கே கழற்றித் திருப்பி அனுப்பியவர். "என்னைப் பார்த்து ஒருத்தன் விரல் நீட்ட முடியுமா?" என்று மனைவியிடம் அடிக்கடி கேட்பார். சந்தையில் காய்கறிக் கடை போட்டிருக்கும் அந்த அம்மாள், "முடியாதுங்க, முடியாது" என்று சொல்லிவிட்டுத் தக்காளியைத் தரம் பிரிக்கப் போய்விடுவாள்.

ஒரு திங்கட்கிழமை உச்சிவேளையில் சந்தைக் காவலாளி தையல் கடைக்கு ஓடிவந்தார். "அண்ணே, அண்ணி கடையிலயே மயங்கி விழுந்துட்டாங்க!"

கழுத்தில் அளவு டேப் தொங்க, ஒற்றைச் செருப்போடு ஓடினார் தையல்காரர். நல்லவேளை, அவர் போய்ச் சேர்வதற்குள் அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர், "உடம்புல தண்ணியே இல்லை. ஏம்மா, காலையிலருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இல்லாத தண்ணியா? ஏன் குடிக்கல?" என்று தையல்காரரும் தன் பங்குக்கு அதட்டினார்.

"குடிச்சுட்டு எங்கங்க போறது?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பெண்கள் கழிப்பறையை யாரோ ஒரு புண்ணியவான் பூட்டிட்டுப் போயி ரெண்டு வாரமாச்சு. இங்க நாப்பது பொம்பளைங்க விடிகாலையிலருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கோம். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்'னு டேப்பை எடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க."

சந்தையின் வடகோடியில் அந்தக் கதவில் கையகலப் பூட்டு தொங்கியது. தையல்காரருக்கு வந்ததே கோபம்! மனைவியை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே மன்ற அலுவலகத்துக்குப் போனார். "எவன்யா சந்தைக் கழிப்பறையைப் பூட்டச் சொன்னது? அவனை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்!"

எழுத்தர் பதறவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி அவர் முன்னால் வைத்தார். தீர்மானம் பதினான்கு: சந்தைக் கட்டடத்தின் வடகோடியில் பயன்பாடு குறைந்துள்ள இரு அறைகளைத் தளவாடக் கிடங்காக மாற்றுதல். முன்மொழிந்தவர், தலைவர். வழிமொழிந்தவர், ஏழாவது வார்டு உறுப்பினர். பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து, சுழித்த வாலோடு.

"இது... கழிப்பறைன்னு எங்கயுமே போடலையே?"

"மோட்டார் ரிப்பேராகிக் கிடந்துச்சுல்ல, அண்ணே. வாளித் தண்ணி சுமக்கணுமேன்னு கூட்டம் குறைஞ்சுது. அதான் பயன்பாடு குறைவுன்னு எழுதினேன். இங்க தெருவிளக்கு, கொசு மருந்து மெஷின் எல்லாம் வராந்தாவுல மழையில நனையுது." எழுத்தர் கொஞ்சம் நெளிந்தார். "கோவிச்சுக்காதீங்க. வழிமொழிந்தவர்ங்கற இடத்துல உங்களைக் கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதி வெச்சுடுவேன். நேரம் மிச்சம் பாருங்க."

வியாழக்கிழமை அடுத்த கூட்டம். முதல் வேலையாகப் போன கூட்டத்தின் தீர்மானங்களை உறுதி செய்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து பீங்கானைப் பெயர்த்து எடுத்துவிட்டால் அப்புறம் கழிப்பறை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதையும் எழுத்தர்தான் சொன்னார்.

அன்று மாலை தையல்காரர் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "நான் யாருகிட்டயாவது ஏதாவது வாங்கினேனா, சொல்லு? தெரியாம நடந்துபோச்சும்மா."

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "லஞ்சம் வாங்கிட்டுத் தலையாட்டறவனுக்காவது எதுக்குத் தலையாட்டறோம்னு தெரியும். உங்களுக்கு அதுகூடத் தெரியலையே!"

சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அவள் மறுபடியும் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. டீயும் வந்தது. "சென்ற கூட்டத் தீர்மானங்களை உறுதி செய்தல்" என்று எழுத்தர் ஓட்டினார். "என்ன, சரிதானே?" என்றார் தலைவர். எல்லோரும் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டு அந்தக் கணீர்க் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

"சரியில்லைங்க" என்றார் தையல்காரர்.

அஞ்சாவது வார்டுக்காரரின் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

"பதினாலாவது தீர்மானத்தை ரத்து பண்ணணும். கழிப்பறையைத் திறந்து மோட்டாரைச் சரி பண்ணணும். இதை நான் முன்மொழியறேன். தப்பு என்னோடதுதான். என்னன்னே கேக்காம வழிமொழிஞ்சுட்டேன். அதனால என் வீட்டுக்காரி சந்தையில மயங்கி விழுந்தா. இன்னும் முப்பத்தொம்பது பேரு அங்க நாக்கு வறண்டு உக்காந்திருக்காங்க." குரல் கணீரென்று வரவே இல்லை.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கடையில் இந்தப் பத்து நாளாகச் சந்தைப் பெண்கள் நீர்க்கடுப்புக்கு மாத்திரை கேட்டு வருவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "யாராவது வழிமொழியணுமே" என்று சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் வாசல் நாற்காலியைப் பார்த்தார். எல்லோரும் அங்கேயே பார்த்தார்கள்.

"என்னைப் பாத்தா எப்படிங்க? முன்மொழிஞ்சதே நான்தான்!"

குபீரென்று சிரிப்பு எழுந்தது. எழுத்தர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று வருடமாகப் பழக்கம் விட்டுப்போயிருந்தது அவர்களுக்கு. கடைசியில், இதுவரை வருகைக் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் செய்யாத மூன்றாவது வார்டு நர்சம்மா எழுந்தார்.

"நான் வழிமொழியறேன். ஆனா முதல்ல அதை முழுசா எழுதி நிறுத்தி வாசிங்க. கழிப்பறைன்னு கழிப்பறையாவே எழுதுங்க. எதுக்குக் கை தூக்கறேன்னு எனக்குத் தெரியணும்."

எழுத்தர் எழுதி, நிறுத்தி வாசித்தார். பத்துக் கைகளும் உயர்ந்தன. அதோடு விட்டார்களா? அன்றைய பட்டியல் முழுவதையும் அதேபோல் வாசிக்கச் சொன்னார்கள். ஒன்பதாவதில் அகற்ற வேண்டிய பழைய விளக்குக் கம்பம் தன் மருந்துக்கடை வாசலில் இருப்பதுதான் என்று தெரிந்து தலைவரே, "அட, நில்லுப்பா!" என்று அலறினார். கூட்டம் முடிய ஒன்றரை மணி ஆயிற்று. டீ ஆறிப்போனதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை.

அடுத்த வாரம் தையல்காரர் சந்தைக்குப் போனபோது வடகோடிக் கதவு திறந்து கிடந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தராசுக்குப் பின்னால் அண்ணாந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

"அடுத்த கூட்டத்துப் பட்டியல் வந்துடுச்சா?" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

"வந்துடுச்சு. பதினாறும் படிச்சுட்டேன்."

"எங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க."

காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் வாசிக்கத் தொடங்கினார். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். மீன்காரம்மா சும்மா இருப்பாளா? "என்ன வழிமொழியாரே, இனிமே எங்களைக் கேட்டுத்தான் வழிமொழிவீங்களோ?" என்று சீண்டினாள்.

"ஆமா தாயி" என்றார் அவர், சிரிக்காமல். "கை சுத்தமா இருந்தா போதும்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். போதாது. அந்தக் கையை எதுக்குத் தூக்கறோம்னு தெரிஞ்சுக்காதவனும் ஊருக்குக் கெடுதல்தான் பண்றான்."

"சரி சரி, அந்த மூணாவதை இன்னொரு தடவை படிங்க" என்றாள் அவர் மனைவி. "எங்கயோ இடிக்குது."