மூடும் முன் பார்த்தவர்

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு என் தங்கை போன் செய்தாள். குளியலறையிலிருந்து பேசினாள். வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். மொத்தம் நாலு நிமிடம். இந்தக் கதை அந்த நாலு நிமிடத்தில்தான் இருக்கிறது. விடுபட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். அதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

இனி அவளை 'அவள்' என்றே எழுதுவேன். தங்கை என்று எழுதினால் கை ஓடவில்லை.

2

மழை பெய்துகொண்டிரு—

(பெய்யவில்லை.)

வீடு என்பது மனிதனின் ஆதி—

(கட்டுரை. வேண்டாம்.)

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதை எடுக்க மூன்று மாதம் ஆயிற்று. இடித்தது ஒரு காலைப்பொழுது. மீதியெல்லாம் அனுமதி.

(இது போதும்.)

வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை நகராட்சி நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. சுவர் இருந்த இடத்தில் ஓர் இரும்பு உத்திரம் வைக்க வேண்டும். அதன் இரு முனைகளும் பக்கச் சுவர்களுக்குள் ஒன்பது அங்குலம் உட்கார வேண்டும். பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதைப் பூசி மூடக் கூடாது. கடைசி நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது. நிபந்தனைகள் அச்சிட்ட அட்டையை வாசல் கதவில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

உத்திரத்துக்கு நேர் மேலே அவள் மகளின் அறை. மகளுக்கு வயது ஆறு. கையில் எப்போதும் பந்து.

3

பொறியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. செருப்பைக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். உத்திரம் இல்லை. வழவழவென்று ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது.

"இது என்ன?"

கொத்தனார் முன்னால் வந்தார். அவள் கணவனின் தாய்மாமா அவர். வீட்டில் எல்லோருக்கும் மாமா.

"நாலு பேர் வந்து பார்க்கிற வீடு மேடம். எலும்பு தெரிய விட்டா நல்லாவா இருக்கும்? அதான் நேத்து சாயங்காலம் ஒரு பூச்சு."

"பார்க்கத்தானே வந்தேன். இப்ப எதைப் பார்க்கிறது?"

"பூச்சைப் பாருங்க. முகம் தெரியும்."

பொறியாளர் சிரிக்கவில்லை. பையிலிருந்து சிறு சுத்தியலை எடுத்தார். ஏணியில் ஏறி மேற்கு முனையில் தட்டினார். இறங்கினார். ஏணியைத் தானே நகர்த்தினார். கிழக்கு முனையில் தட்டினார். ஒரே சத்தம்தான். ஆனால் அவளுக்கு இரண்டாவது வேறு மாதிரி கேட்டது.

மேலே பந்து குதித்தது. தொம். தொம்.

"மேலே யாரு?"

"பொண்ணு மேடம்," என்றான் கணவன். "இன்னிக்கு ஸ்கூல் லீவு."

பொறியாளர் ஏணியிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். மாமா சொன்னதை அப்படியே எழுதியதால் வந்த பொய்.*

அவராகப் பூசவில்லை. அவள் சொல்லிப் பூசினார்.

உத்திரம் ஏற்றிய அன்று மேற்கு முனையை மாமா வைத்தார். கிழக்கு முனையைக் கணவன் வைத்தான். "உட்கார்ந்துச்சாடா?" என்று மாமா கேட்டார். "ஜம்முனு உட்கார்ந்துச்சு மாமா." மாமாவுக்கு முழங்கால் வலி. ஏணியில் இரண்டாவது தடவை ஏறவில்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் ஏறினாள். தூசி துடைக்கத்தான் ஏறினாள். கிழக்கு முனையில் சுவருக்குள் கையை விட்டாள். விரலால் அளந்தாள். ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. அதற்கு மேல் இரும்பு இல்லை, வெறும் இடைவெளி. ஒன்பது அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல்.

அவள் கணவனிடம், "கையை விட்டுப் பார்த்தேங்க," என்றாள். "பார்த்தியா, யானையைக் கட்டலாம்," என்றான் அவன். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவன் சிரித்தான். மீதியைச் சொல்லாமல் அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

பிறகு அந்த இடைவெளி அவளைப் பார்க்க ஆரம்பித்தது.

(இல்லை. அடித்துவிடுகிறேன். இடைவெளி பார்க்காது. அவள்தான் பார்த்தாள். சமைக்கும்போது பார்த்தாள். சாப்பிடும்போது பார்த்தாள். மகள் மேலே ஓடும்போதெல்லாம் பார்த்தாள்.)

திங்கள் மாலை மாமாவிடம் சொன்னாள். "மாமா, அதை மூடிடுங்களேன். பார்க்கவே பயமா இருக்கு."

"நாளைக்கு மேடம் வர்றாங்களேம்மா."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி மூடிடுங்க மாமா. ப்ளீஸ்."

அவளுக்கு அழகு வேண்டியிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். சாந்து குழைத்தார்.

* மாமாவின் பெயர் நகராட்சியின் கொத்தனார் பட்டியலில் இருபத்தாறு வருடமாக இருக்கிறது. ஒரு தவறு போதும், பெயரை அடித்துவிடுவார்கள். பழியை ஏன் ஏற்றுக்கொண்டார் என்று கேட்காதீர்கள். வேலை சரியாக இருக்கிறது என்று அவர் நம்பினார். நம்பிக்கை இருப்பவனுக்குப் பழி கனக்காது.

5

பொறியாளர் ஏணியிலிருந்து இறங்கி ஒரு தாளை எடுத்தார்.

"ரெண்டு வழி இருக்கு. ரெண்டு முனையையும் உடைங்க, மறு தேதி வாங்குங்க. ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பக்கம், மேல் அறை, ரெண்டுலயும் யாரும் இருக்கக் கூடாது. இல்லேன்னா, மூடறதுக்கு முன்னாடி பார்த்தவங்க யாராவது இதுல கையெழுத்துப் போடுங்க. வேலை செஞ்சவங்க போடக் கூடாது. தப்பா இருந்தா போட்டவங்கதான் பொறுப்பு."

தாளில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில்: மூடும் முன் பார்த்தவர்.

கணவன் முகம் மலர்ந்தது. "என் வீட்டுக்காரி பார்த்தா மேடம். சும்மா இல்ல, கையை விட்டே பார்த்தா. எதையும் நம்ப மாட்டா அவ." பேனாவை அவளிடம் நீட்டினான்.

"போடும்மா," என்றார் மாமா. "மேடத்துக்கு வேற வேலை இருக்கும்."

மேலே தொம் என்றது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள். பேனா கையிலேயே இருந்தது.

6

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் உண்மையைச் சொல்கிறாள். உடைக்கிறார்கள். இரும்பு சரியாக ஒன்பது அங்குலம் இருக்கிறது. பயத்தில் அவள் தப்பாக அளந்திருக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். (இதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. விரல் பொய் சொல்லாது.)

அவள் உண்மையைச் சொல்கிறாள். உடைக்கிறார்கள். நாலு விரல். மாமா சுவரோரமாக உட்காருகிறார். கணவன் அவளைப் பார்க்கி—

அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. பத்து வருடம் நடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் எழுந்ததும் முதலில் மேலே போய் மகளின் கட்டிலை ஒரு சாண் மேற்கே தள்ளுகிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. (இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.)

அவள் கையெழுத்துப் போடுகிறாள். அன்று மாலை மகள் பந்தை—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நீங்களும் முடிக்காதீர்கள்.

7

எனக்கு இரும்பும் தெரியாது, சிமெண்டும் தெரியாது. கதை எழுதத் தெரியும். கதையில் யாரை எங்கே நிறுத்துவது என்று தெரியும். அன்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். குழாய் ஓடியது. அதற்கும் அப்பால் எங்கோ பந்து குதித்தது. போடு என்று சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டும் ஒரே ஒரு சொல்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "என்ன பண்றே? மேடம் கிளம்பறாங்க." கணவனின் குரல்.

குழாய் நின்றது. அவள் வாயைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்தாள்.

"அண்ணா, போடட்டுமா, வேண்டாமா? நீ சொல்றதைத்தான் செய்வேன். அண்ணா... லைன்ல இருக்கியா?"