தோற்றவர் தொடங்கவேண்டும்

…இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகளில் க்யூ இருக்கிறது, பக்கத்திலேயே யூவும் இருக்கிறது, இந்த இரண்டும் ஒரே கையில் வந்து சேர்வது அபூர்வம், ஊரே கூடி நின்று சேர்த்துவைத்த ஜோடிகளில்கூட இத்தனை பொருத்தத்தை நான் பார்த்ததில்லை, எங்கள் ஜோடி உள்பட… கூடவே ஒரு ஏ, ஒரு ஒய். கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கும் ஆட்டம், பையில் இனி எடுக்கக் கட்டை இல்லை, முடியும் தறுவாய். கைப்பேசியை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையைப் பாதி திறந்து, மேலே யாரோ ஒருவரின் புகார்க் கடிதத்தை விரித்துவைத்துக்கொண்டு விளையாடுகிறேன், சாப்பாட்டு நேரம்தான், இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதுவது என் உத்தியோகம். தண்ணீர் வந்ததா என்பது வேறு பிரிவு. சரி, எழுத்துகளுக்கு வருவோம். வார்த்தை தேடித்தரும் இணையதளம் ஒன்று உண்டு, நாலையும் அதில் போட்டால் அவை சேர்ந்து உண்டாகும் இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் கொட்டிவிடும், மதிப்பெண் அதிகமுள்ளது தலைமாட்டில், உருப்படாதது கால்மாட்டில். உலகமே தலைமாட்டைப் பார்க்கிறது, நான் நேராகக் கால்மாட்டுக்குப் போகிறவன். ஏயும் ஒய்யும் சேர்ந்த இரண்டெழுத்து வார்த்தை ஒன்று அங்கே கிடக்கிறது, அர்த்தம் தெரியாது, அதை வைத்தால் க்யூ கையிலேயே தங்கி, நான் கௌரவமாகத் தோற்றுவிடலாம். ஜெயிப்பதற்கு எழுத்து போதும், தோற்பதற்கல்லவா மூளை வேண்டும்!

தோற்றால்தானே அடுத்த ஆட்டத்தை நான் தொடங்க முடியும்? அது அவள் போட்ட சட்டம், என் மனைவி, ஒரே வீட்டில் இருந்தபோது சாப்பாட்டு மேஜையில் நிஜமான பலகையை விரித்து ஆடிய காலத்தில். "தோத்தவங்கதான் அடுத்தத ஆரம்பிக்கணும், ஜெயிச்சவங்க வாங்கன்னு கூப்பிட்டா அது திமிரு." பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது வேறொன்றும் சொன்னாள், "எதைச் சொன்னாலும் ஒரு நக்கல். நான் அழுதாகூட அதுல எழுத்துப்பிழை பாப்பீங்க." அதற்கும் வாய்வரை ஒரு பதில் வந்தது, நல்ல பதில்தான், விழுங்கிவிட்டேன், அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. கடைசியாகப் பலகையில் தோற்றிருந்தது நான், ஆகவே சட்டப்படி கைப்பேசியில் நான் தொடங்கினேன், அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை வைத்தாள், அன்றிலிருந்து இதுதான் எங்கள் குடித்தனம். திரையின் மூலையில் பேசிக்கொள்ள ஒரு கட்டம் இருக்கிறது, இருவரும் அதன் பக்கம் போவதில்லை, நடுவீட்டில் படுத்திருக்கும் பாம்பைச் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல. நான் தொடங்குவேன், தோற்பேன், மறுபடி தொடங்குவேன்… ஜெயித்துத் தொலைத்தால் தொடங்குவது அவள் கைக்குப் போய்விடும். போய், அவள் தொடங்காவிட்டால்?

மேனேஜர் வருகிறார், வாசனைத் திரவியம் முன்னால், அவர் பின்னால், வாரத்துக்கொரு புது இங்கிலீஷ் வார்த்தையை அறிவிப்புப் பலகையில் எழுதி ஊழியர்களை உய்விக்கும் மகான். "என்ன சார், இழுப்பறைக்குள்ள இங்கிலீஷ் வளருதா?" "வளருது சார், எனக்குத்தான் உயரம் பத்தல." சிரித்தார், புரிந்ததா தெரியவில்லை. "வீட்ல எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்காங்க சார்." அவர் போய்விட்டார், நான் சொன்னது மட்டும் போகாமல் நிற்கிறது… நல்லா இருக்காங்களா? எனக்கு எப்படித் தெரியும்? அவள் இரண்டு முறை இருமினாளா, கண்ணாடி மாற்றினாளா, என் வார்த்தையைப் பார்த்துச் சிரிக்கிறாளா, எதுவும் தெரியாது. ஒரு வார்த்தை போனால் ஒரு வார்த்தை வருகிறது, அவ்வளவுதான். கடிதம் வந்தால் பதில் போகிறமாதிரி. எதிரே விரித்திருந்த புகாரைப் பார்த்தேன், இந்த மனுஷர் இதோடு எத்தனையாவதோ முறை எழுதுகிறார், நானும் விடாமல் பதில் போடுகிறேன், என் பதிலைப் பிரிக்கும்போது அவர் என்ன நினைப்பார், யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்றா? ஐயோ… அவளும் என்னைப் பரிசீலனையில்தான் வைத்திருக்கிறாளோ!

கை தானாகத் தலைமாட்டுக்குப் போனது. கப்பலைக் கரையில் கட்டும் மேடைக்கு இங்கிலீஷில் நாலெழுத்து வார்த்தை, க்யூ, யூ, ஏ, ஒய், நாலையும் வைத்தேன், யோசித்தால் வைக்கமாட்டேன் என்று யோசிக்காமல் வைத்தேன். திரையில் வாணவேடிக்கை. நீங்கள் வென்றீர்கள் என்றது, ஏதோ ராஜ்யம் பிடித்தமாதிரி. இனி நான் செய்ய ஒன்றுமில்லை. கூப்பிட்டால் திமிர். பக்கத்து மேஜைக்காரர் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து, ஈரக்கையை என் காலண்டரில் துடைத்தார், வழக்கமாக ஏதாவது சொல்வேன், இன்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் கீழே சின்னதாக ஒரு வரி, எதிராளி கையில் மிஞ்சியவை. இதை நான் பார்த்ததே இல்லை, எப்போதும் மிஞ்சுவது என் கையில்தானே. ஒரு எஸ், ஒரு வெள்ளைக் கட்டை, எந்த எழுத்தாகவும் ஆகக்கூடியது. எஸ்ஸா? வலது ஓரத்தில், மதிப்பெண்ணை மூன்று மடங்காக்கும் சிவப்புக் கட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, ஒரு எஸ் ஒட்டினால் போதும், என் நாலெழுத்தும் வாணவேடிக்கையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். அவள் பார்க்காமல் இருப்பாளா, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பலகையைப் பார்ப்பவள்… அதை விட்டுவிட்டு எங்கேயோ ஒரு மூலையில் இரண்டெழுத்து வைத்திருக்கிறாள். சலிப்பா? இல்லை, அவளும் வேண்டுமென்றே தோற்றாளா? அப்படியானால், ஒவ்வொரு முறையும் என் கையில் மிஞ்சியதையும் இப்படித்தானே அவளுக்குக் காட்டியிருக்கும், வைக்காமல் விட்ட எஸ்ஸுகள், க்யூக்கள், எல்லாம்… தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஜெயித்திருக்கிறாள். கீழே சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது, நான் இழுப்பறையை மூடவில்லை, திரையில் புது ஆட்டத்துக்கு அழைப்பு இன்னும் வரவில்லை, தோற்றுத் தோற்று நான் பிடித்துவைத்திருந்தது எங்கள் ஆட்டத்தை அல்ல, அவள் என்னைக் கூப்பிடவேண்டிய முறையைத்தானோ…