ஆறாம் கட்டிலின் ஜன்னல்

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா படியேறினாள். பன்னிரண்டு வயதில், காசநோயோடு ஒன்றரை வருஷம் அவள் படுத்துக் கிடந்த ஆஸ்பத்திரி அது. மூடி நாற்பது வருஷமாகிறது. இப்போது சீட்டு கொடுத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

"முதல்ல கப்பல்ல வந்த காய்ச்சல்காரங்களுக்குக் கட்டினதுங்க," என்றாள் வழிகாட்டிப் பெண். "அப்புறம் காயம்பட்ட சிப்பாய்ங்க. கடைசியா நெஞ்சு நோய்க்காரங்க."

மாடி வார்டில் பாதிக் கூரை இல்லை. செடிகொடிகளின் வழியே இறங்கிய வெளிச்சம் குளத்தடி போலப் பச்சையாக அசைந்தது. கட்டில்கள் போய்விட்டன, சுவரில் எண்கள் மட்டும் இருந்தன. ஐந்து அவளுடையது. ஜன்னலோரத்து ஆறு, தையல்காரக்காவுடையது.

அப்போது பார்க்க வரும் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறுதோறும் தம்பி அப்பாவோடு வாசலில் நிற்பான். எழுந்திருக்க முடியாதவளுக்குத் தையல்காரக்காதான் ஜன்னல் வழியே பார்த்துச் சொல்வாள்.

"வந்தாச்சு உன் தம்பி! நொண்டியடிக்கிறான்... ஐயோ, விழுந்துட்டான். யாராவது பாத்தாங்களான்னு திருதிருன்னு முழிக்கிறான்!"

சிரித்தால் நெஞ்சு வலிக்கும். ஆனாலும் சிரிப்பாள். அடுத்த ஞாயிறு வரை தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று கசப்பு மருந்தை மடக்கென்று விழுங்குவாள். ஒரு மழைக்காலக் காலையில் ஆறாம் கட்டில் காலியாகக் கிடந்தது. ஊருக்குப் போய்விட்டாள் என்றாள் நர்ஸ். அதன் அர்த்தம் வளர்ந்தபிறகுதான் புரிந்தது.

அக்கா மெல்ல நடந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பாசி படிந்த சுவர். வாசலும் இல்லை, வானமும் இல்லை.

"இந்தச் சுவர் எப்ப வந்தது?"

"சலவைக்கூடம்மா. ஆஸ்பத்திரியோட சேர்த்தே கட்டினது."

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் தம்பி.

"ஞாயித்துக்கிழமை வாசல்ல நீ என்னடா பண்ணுவே?"

"என்ன பண்றது? அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவேன்."

அவள் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. "படுபாவி தையல்காரக்கா, அத்தனையும் புளுகா!" என்றாள். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி கையை நீட்டி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தான்.

வழிகாட்டிப் பெண், அங்கே படுத்திருந்தவர்களின் பெயரைக் குறித்துவைக்கும் நோட்டை எடுத்தாள். "அவங்க பேரு என்னம்மா?"

"தெரியாதேம்மா. எல்லாருக்கும் தையல்காரக்காதான்."

ஆறு என்று எழுதி, அதற்கு நேராகத் தையல்காரக்கா என்றே எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.