தண்ணீருக்குப் போன ஒரு டிகிரி

மூன்றாம் எண் எக்ஸ்சேஞ்சர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஃபிட்டரக்காவின் உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைந்துவிட்டது. அதே நாளிலிருந்து, அந்த எக்ஸ்சேஞ்சரை விட்டு வெளியே வந்த தண்ணீர், உள்ளே வந்த எண்ணெயைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டது. எண்ணெய் தொண்ணூறில் வந்தது, தண்ணீர் தொண்ணூற்றொன்றில் போனது. சமையல் எண்ணெய் ஆலையின் பதிவேட்டில் இரண்டும் ஒரே நீல மையில் எழுதப்பட்டிருக்கின்றன. டாக்டரின் டிகிரியும் ஆலையின் டிகிரியும் வேறு வேறு அளவாயிற்றே என்று மடக்கப் பார்த்தவர்கள் உண்டு. அக்கா அந்த வாதத்துக்கே போகவில்லை. கை கால் சில்லிட்டிருந்தது, அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்சர் என்பது பார்வைக்குப் படுக்கப் போட்ட பெரிய இரும்பு உருளை. அதன் வயிற்றுக்குள் நீளவாக்கில் நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும், அவற்றைச் சுற்றி உருளைக்குள் எண்ணெய் ஓடும். ஒரே வீட்டில் குடியிருந்தாலும் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது. சூடு மட்டும் குழாயின் சுவர் வழியாகக் கைமாற வேண்டும். எண்ணெய் குறுக்கு வழியில் நழுவிவிடும் என்பதால் இடையிடையே தடுப்புத் தகடுகள் வைத்து அதை மேலும் கீழுமாக அலையவிடுவார்கள். தண்ணீரை எதிர்முனையிலிருந்து அனுப்புவார்கள். அப்போதுதான் ஆறிக்கொண்டே வரும் எண்ணெய் கடைசியில் சந்திப்பது இன்னும் சூடே காணாத தண்ணீராக இருக்கும், அதனிடமும் கொடுக்க எண்ணெயிடம் கொஞ்சம் மிச்சமிருக்கும். இப்படி ஆறிய எண்ணெய் டின்னில் அடைக்கப் போகும், சூடேறிய தண்ணீர் பாய்லருக்குப் போகும். எதுவும் வீணாவதில்லை.

இத்தனையும் குழாய் வாய்களை நம்பித்தான் இருக்கிறது. உருளையின் இரு முனையிலும் கனத்த தகடு, தகடு முழுக்கத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு குழாய் வாய். எக்ஸ்பாண்டர் என்ற உருட்டுக் கருவியை வாய்க்குள் விட்டுச் சுற்றினால், குழாய் விரிந்து துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குறைவாகச் சுற்றினால் ஒழுகும். கூடுதலாகச் சுற்றினால் குழாய் மெலியும், பக்கத்துத் துளையும் நெளிந்து அடுத்த வாயின் பிடி தளரும். எங்கே நிறுத்துவது என்பது அக்காவின் மணிக்கட்டுக்குத் தெரியும். உருட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாயையும் வெறும் கட்டைவிரலால் ஒருமுறை துடைப்பாள். கையுறைக்குப் பிசிறு தட்டுப்படாது என்பாள். இரண்டு முனையும் சேர்த்து எண்ணூற்று இருபத்து நான்கு வாய்கள், பதினொரு நாள். அந்த டிகிரி அங்கேதான் போயிருக்க வேண்டும் என்பது அவள் வீட்டுக்காரரின் முடிவு. அவர் தையல்காரர். மேற்கொண்டு யோசிக்காமல் கம்பளி உள்துணி வைத்து அவளுக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார்.

ஆலை இன்ஜினியர் தெர்மாமீட்டரை மூன்று முறை மாற்றினார். தொண்ணூற்றொன்று அசையவில்லை. நான்காம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கொடுப்பவனிடம் இருப்பதைவிட வாங்குபவனிடம் அதிகம் இருக்க முடியாது என்றார். சாஸ்திரப்படி அது சரிதான். ஆகவே எண்ணெய் எங்கேயோ தண்ணீரில் கசிந்து கருவியை ஏமாற்றுகிறது, குழாய் வாய்கள் சரியில்லை, எல்லாவற்றையும் இன்னொரு சுற்று இறுக்குங்கள் என்று உத்தரவு போட்டார். அக்காவுக்கு ரத்தம் கொதித்தது, ஒரு டிகிரி குறைவாகத்தான்.

“சார், ஒரு சுத்து கூடப் போனா பக்கத்துல ஒழுகும். முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. என் உருட்டுல ஒரு சொட்டு வந்தாலும் எக்ஸ்பாண்டரை வச்சிட்டு வீட்டுக்குப் போயிடுறேன்” என்றாள்.

ஆலையே கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை. அன்று மாலையே இருமுனை மூடிகளையும் கழற்றி வைத்தார்கள். மறுநாள் காலை உருளைக்குள் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். எட்டு மணி நேரம் ஒரு வாயும் நனையக் கூடாது. மூன்றாவது மணி நேரத்தில் பதினேழாம் வரிசையில் ஒரு சொட்டு தலைகாட்டியது. நிபுணர் பேனாவைத் திறந்தார்.

அக்கா அந்த வாயில் கட்டைவிரலை வைத்தாள், பிறகு அதற்குப் பக்கத்து வாயில் வைத்தாள். அங்கேயே நின்றாள். “ஒழுகுறது என் உருட்டுதான். ஆனா அதைத் தளர்த்தினது பக்கத்துல இருக்குற இது. இது என் கை இல்லை” என்றாள். அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தபோது அந்த ஒரு வாய் மட்டும் மற்றவற்றைவிட மயிரிழை அகலமாக இருந்தது.

அவள் கொழுந்தனும் அதே ஆலையில்தான் ஃபிட்டர், இருபது வருஷ சர்வீஸ். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். “அண்ணி, நேத்து மூடி கழட்டினப்போ அந்த இடம் ஈரமாத் தெரிஞ்சுது. உங்க பேரு கெட்டுடக் கூடாதேன்னு ஒரே ஒரு சுத்து சுத்திட்டேன்.”

“என் பேரைக் காப்பாத்துறேன்னு என்னையே வீட்டுக்கு அனுப்பப் பாத்தியே தம்பி, ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் அக்கா. ஆலை விழுந்து விழுந்து சிரித்தது. நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு சொட்டு என்றால், தான் உத்தரவிட்ட எண்ணூற்றுச் சொச்சம் சுற்றுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனம் ஓடியிருக்க வேண்டும். பேனாவை மூடினார்.

அந்த இரண்டு குழாய்களையும் உருவிவிட்டு அக்கா புதியவற்றைப் போட்டாள். நான்கு வாய்கள், நான்கு துடைப்பு. மறுநாள் எட்டு மணி நேரமும் எண்ணூற்று இருபத்து நான்கு வாய்களும் காய்ந்தே கிடந்தன. நிபுணர் உலர்ந்த துணியோடு இரண்டு முறை சுற்றி வந்து ஒவ்வொன்றாக ஒற்றிப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சர் மறுபடி ஓடத் தொடங்கியதும் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையின் சில்லிப்பில் ஒரு கணம் திடுக்கிட்டார். அறிக்கையில், வெளியேறும் தண்ணீர் தொண்ணூற்றொன்று, இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துக் காட்டச் சொல்லி அக்கா இரண்டு முறை கேட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் மற்ற எக்ஸ்சேஞ்சர்கள் இருமுறை மாறிவிட்டன, மூன்றாம் எண் மட்டும் அப்படியே இருக்கிறது. குழாய்களில் உப்புப் படியும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை நான்கு நாள் நிறுத்தி உள்ளே பிரஷ் விட்டுத் தேய்ப்பார்கள். அது வேறு ஆட்களின் வேலை, அக்காவுக்கு விடுமுறை. அந்த நான்கு நாளும் அவளுடைய டிகிரி வீட்டுக்கு வந்துவிடும். கோட்டு ஆணியில் தொங்கும், பிள்ளைகள் அவள் மடியை விட்டு இறங்க மாட்டார்கள். டாக்டரும் அவள் சீட்டில், இவருக்கு ஒரு டிகிரி குறைவே சாதாரணம், ஆலை நிற்கும் நாட்கள் நீங்கலாக, என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலை, கையில் தேநீரோடு உட்கார்ந்திருப்பாள். ஆலை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். திடீரென்று தோள் ஒருமுறை நடுங்கும்.

“ஓட்டிட்டாங்க” என்பாள், முகமெல்லாம் சிரிப்பாக. அதற்குள் தையல்காரர் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்திருப்பார்.