பெட்டிக்குக் கீழே போன கோடு

மழைநீரை இறைத்து வெளியேற்றும் பம்ப் அறையைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது. உதவிப் பொறியாளர் சுவரைப் பார்த்தாள். போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும் சிவப்புக் கோடு நேற்றுவரை அவள் நெஞ்சளவில் இருந்தது. இன்று முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

பெயின்டர் பெருமையாக நின்றார். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார். "பழைய கோடு நடுவுல பேனல் பெட்டி வந்து விட்டு விட்டு இருந்துச்சு மேடம். அதான் பெட்டிக்குக் கீழ ஒரே இழுப்பா இழுத்துட்டேன்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று வெள்ளம் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் இந்தப் பேனல் பெட்டிக்குள் புகுந்துதான் பம்ப் நின்றது. பிறகு மோட்டாரை மட்டும் மேடை கட்டித் தூக்கி வைத்தார்கள். பெட்டி மின் பிரிவுடையதாம். சுவர் கட்டடப் பிரிவுடையதாம். பெட்டியையும் உயர்த்தச் சொல்லி ஏழு கடிதம் எழுதிவிட்டாள், இரண்டு பிரிவும் மாற்றி மாற்றிப் பந்தாடின. எழுத்தை நம்பாதவர்கள் கண்ணையாவது நம்பட்டும், பெட்டியின் இருபுறமும் கோடு நிற்பதைப் பெரிய அதிகாரியே பார்க்கட்டும் என்று இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

காலையில் அக்கா போன் செய்திருந்தாள். அவள் வீடு பம்ப் அறைக்குப் பின் தெருவில், பள்ளத்தில். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரைப் போன தடவை இரண்டு நாள் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தியிருந்தாள். "இந்தத் தடவை பம்ப் ஓடிடும்லடி? அவரைத் தூக்க எனக்கு இப்பத் தெம்பில்ல." ஓடும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

செயற்பொறியாளர் படிவத்தோடு வந்தார். அதில், மின் சாதனங்கள் வெள்ள மட்டத்துக்கு மேல் உள்ளனவா என்று கேட்டிருந்தது. டேப்பை வைத்து அளந்தார். கோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஓரடி. ஆம் என்று குறித்துப் படிவத்தை அவளிடம் நீட்டினார்.

"சார், அது பெயின்டர் போட்ட கோடு."

"இருக்கட்டும்மா. வர்ற நேரத்துல ஆரம்பிக்காதீங்க. கையெழுத்தப் போடுங்க."

அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. இத்தனை பேர் படித்து, அளந்து, தண்ணீருக்கு எவ்வளவு உயரம் என்று ஒரு பெயின்டர் முடிவு செய்ய விட்டிருக்கிறார்கள். படிவத்தை மோட்டார் மேடையில் வைத்தாள். பெயின்டர் கையிலிருந்த, சிவப்பில் தோய்ந்த தூரிகையை வாங்கிக்கொண்டாள். அன்று இதே அறையில் தண்ணீரில் நின்றவள் அவள். அளக்க டேப் வேண்டியிருக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, நெஞ்சுக்கு நேரே கோட்டை இழுத்தாள். பெட்டி வந்தது. நிறுத்தவில்லை. அதன் கதவின் மேல், அபாயம் என்று எழுதிய தகட்டின் மேல், மறுபக்கச் சுவர்வரை இழுத்துக்கொண்டே போனாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் செயற்பொறியாளர்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூடவே தகரக் கூரையில் முதல் தூறல். பெட்டிக் கதவில் ஈரச் சிவப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே வழிந்துகொண்டிருந்தது.