தண்ணீரில் மூன்று கோடுகள்

எழுபது வயதுப் பறக்கும் படகு ஒன்று ஏரியில் இறங்கும்போது குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில் தண்ணீரில் மூன்று கோடுகள் விழுந்தன. பதினாறு வருடமாகியும் அவை மூடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு முழ ஆழம், நூறு அடி நீளம். காற்றடித்தால் அலை கோட்டின் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். மழை பெய்தால் உள்ளே விழும் தண்ணீர் தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். முதல் மாதம் ஊரே கரையில் நின்று வாயைப் பிளந்தது. இரண்டாம் மாதம் படகுக்காரர்கள் அந்த இடம் வந்ததும் துடுப்பை மெதுவாகப் போடப் பழகினார்கள். மூன்றாம் மாதம் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அதுக்கு என்ன இப்போ?" என்று எரிந்து விழுந்தார்கள்.

பறக்கும் படகு என்றால் வேறொன்றுமில்லை, விமானம்தான். அடிவயிறு மட்டும் படகு மாதிரி இருக்கும், தண்ணீரில் இறங்கும். தரையிலும் இறங்குவதற்காகப் பக்கத்துக்கு ஒன்றாக மடக்குச் சக்கரங்கள் உண்டு. தரை என்றால் சக்கரத்தை நீட்டணும், தண்ணீர் என்றால் மடக்கணும். இவ்வளவுதான் சங்கதி, இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஏரிக்கரை விடுதியின் திறப்பு விழாவுக்காக எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்ததைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் மெக்கானிக் ஒரு வருடம் அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து உயிர் கொடுத்தான். வாலில் இருந்து திசை திருப்புகிற சுக்கான் மட்டும் தகரமில்லை, சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. பழைய துணி இற்றுப்போயிருந்தது. புதுத் துணியைத் தைத்துப் போர்த்தியவள் மெக்கானிக்கின் மனைவி, தையற்காரி. பதினோரு நாள் தைத்தாள். விரல் நுனியெல்லாம் ரணம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி, "என் மருமக தச்சா கப்பலைக் கட்டி இழுத்தாலும் பிரியாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க விமானி ஓடுபாதையில் ஒத்திகை பார்த்தார். முப்பது முறை ஏறினார், முப்பது முறை தரையில் இறங்கினார், முப்பது முறை சக்கரத்தை நீட்டினார். விழா அன்று காலை பதினோரு மணிக்கு ஏரியில் இறங்கும்போதும் அவர் கை, பாழாய்ப்போன பழக்கம், தானாகப் போய்ச் சக்கரத்தை நீட்டிவிட்டது. சக்கரம் தொட்டதும் தண்ணீர் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. மூக்கு உள்ளே குத்தியது, வால் வானத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். விமானி முன் ஜன்னல் வழியாக வெளியே வந்து நீந்தினார். கூடவே பறந்து பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் வரவில்லை. அவனை மறுநாள் எடுத்தார்கள். விமானத்தைச் சேறு விழுங்கிவிட்டது. மூழ்கிப் பார்த்தவர்கள் கையை விரித்தார்கள். மிதந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: துணி கிழிந்த சுக்கான்.

விசாரணை அதிகாரி வந்தார். சுக்கானை மேஜைமேல் கிடத்தினார்கள். "சுக்கான் கேக்கல சார், துணி பிஞ்சிடுச்சு" என்றார் விமானி. தலையில் கட்டு வேறு போட்டிருந்தாரா, எல்லோருக்கும் பாவமாகப் போய்விட்டது. தையற்காரி குனிந்து பார்த்தாள். துணி நடுவில்தான் கிழிந்திருந்தது. தையல் ஓரம் முழுக்க அப்படியே நின்றது. "சார், ஒரு கண்ணி கூட விடல, தொட்டுப் பாருங்க" என்றாள். அதிகாரி தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார், எழுதவில்லை. அவள் விடவில்லை. தைக்கிற நாடாவை எடுத்துக்கொண்டு படகில் போய்க் கோடுகளை அளந்தாள். ஓரத்துக் கோடுகள் இரண்டுக்கும் நடுவே பதினாறே முக்கால் அடி. புருஷனின் நோட்டில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பதினாறே முக்கால் அடி என்று இருந்தது. சக்கரம் மடங்கியிருந்தால் அடிவயிறு போட்ட நடுக்கோடு ஒன்றுதானே இருக்கும்? அதிகாரியையே படகில் கூட்டிப்போய்க் காட்டினாள். அவரும் தன் கையால் அளந்தார், அதே அளவு வந்தது. கரைக்கு வந்து காலைத் துடைத்துக்கொண்டு, "தண்ணியில கோடு விழாதும்மா" என்றார்.

"விழுந்திருக்கே சார்?"

"விழுந்திருக்கு. இல்லேன்னா சொன்னேன்? ஆனா விழாது."

தையல் கோளாறு என்று அறிக்கை வந்தது. அன்றிலிருந்து ஊரில் ஒரு தலையணை உறை தைக்கக்கூட யாரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு தைக்கும் வேலைக்குப் போனாள். ஊர்ப் பேச்சை அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். வீட்டுப் பேச்சைத்தான் விட முடியவில்லை. இரண்டே அறை வீடு, இரண்டே பெண்கள், இருவருக்கும் வேறு நாதி கிடையாது. மாமியார் தனி அடுப்பு மூட்டினாள். மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஊசியாலயே எம்புள்ளைய குத்திக் கொன்னுட்டா" என்று காலையில் ஒரு முறை, விளக்கு வைக்கும்போது ஒரு முறை. பெற்றவளாயிற்றே, நம்பிவிட்டாளே, என்ன செய்வாள் என்று தையற்காரி பொறுத்துக்கொண்டாள். அதிகாரி அறிக்கையைத் திருத்த வேண்டாம், ஊர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உன் தையலால் இல்லை என்று இந்த ஒரு பொம்பளை வாயால் ஒரு முறை கேட்டால் போதும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தாள்.

வருடங்கள் போயின. விமானி பெரிய பதவிக்குப் போய், புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தார். நகராட்சி கோடுகளைச் சுற்றிச் சிவப்பு மிதவை கட்டி, பிறகு யாரும் முட்டிக்கொள்ளவில்லை என்று அதையும் அவிழ்த்துவிட்டது. பள்ளிக்கூட வரைபடத்தில் ஏரிக்கு நடுவே மூன்று கோடு போட்டு, 'கோடுகள்' என்றே எழுதினார்கள். எப்படி வந்தன என்று எழுத அதில் இடமில்லை.

பதினாறாம் வருடம் மாமியாருக்குக் கண்ணில் புரை முற்றியது. பாலத்தைப் பழுதுபார்க்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. மகன் போனதிலிருந்து ஏரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாமியார், வேறு வழியில்லாமல் மருமகளின் தோளைப் பிடித்து ஏறினாள். கோடுகள் வந்தன. படகு ஒரு முறை குலுங்கியது, இன்னொரு முறை, இன்னொரு முறை. மாமியார் கையை வெளியே நீட்டி, கடைசிக் கோட்டின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"சக்கரம்" என்றாள்.

தையற்காரி சட்டென்று திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"கரையிலதானே நின்னேன். அப்போ எனக்குக் கண்ணு நல்லா தெரியும். நீட்டிக்கிட்டேதான் இறங்கினான், படுபாவி."

"அப்போ... இத்தனை வருஷமா என்னை ஏன்?"

மாமியார் ஈரக் கையை உடுத்தியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். "அவனை எங்க போய்த் திட்டுவேன்? அவன் வீடு கூட எனக்குத் தெரியாது. நீதான் பக்கத்துலயே இருந்தே."

"விலாசம் எங்கிட்ட இருக்கு. அப்போலேர்ந்தே இருக்கு. வேணுமா?"

"அவ்வளவு தூரம் யாரு போறது" என்றாள் மாமியார்.

தையற்காரிக்கு அவளை அப்படியே தண்ணீரில் தள்ளிவிடலாமா என்று வந்தது. உண்மையிலேயே வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மென்று விழுங்கினாள். கரை வந்தது. மாமியார் இறங்கக் கை நீட்டினாள், மருமகள் கொடுக்கவில்லை. படகுக்காரர் கொடுத்தார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டவிழ்த்த மறுநாள் காலை மாமியார் புதுக் கண்ணால் சுவரைப் பார்த்து, "ஊசியாலயே எம்புள்ளைய குத்திக் கொன்னுட்டா" என்று ஆரம்பித்தாள். தையற்காரி டிபன் டப்பாவை மூடினாள், செருப்பை மாட்டினாள், வேலைக்குக் கிளம்பினாள். பாலம் இன்னும் திறக்கவில்லை. துறையில் படகுக்காரர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். நடுவுல மூணு தடவை தூக்கிப் போடும், பலகையைப் பிடிச்சுக்குங்க என்று புது ஆட்களிடம் சொன்னார். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.