இட்லிப் பானையில் வெந்த கப்பல்

இட்லிப் பானையில் தேக்கு வெந்துகொண்டிருந்தது. விரல் அகலத்துக்குச் சீவிய ஒன்பது பட்டைகளை ஈரத்துணியில் சுற்றி, பானையின் வாயில் ஒரு தகரக் குழாயை நிறுத்தி, அதற்குள் சொருகிவைத்திருந்தார் உபகாரசாமி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்வந்த சேலையை மாற்றாமல், மாவுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள் மனைவி இசபெல்லா.

“ஏனுங்க, உங்க கப்பல் வெந்து எறங்குச்சுன்னா எங்களுக்கும் நாலு இட்லி ஊத்தலாமுங்களா?”

“இன்னும் பத்தே நிமிசம். பாதி வேக்காட்டுல எடுத்தா வளைக்கறப்ப முறிஞ்சுரும்.”

“குச்சியில குத்திப் பாருங்க. ஒட்டாம வந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம்.”

அவர் அடுப்புத் தீயைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறார். அதில் பதினெட்டு வருடம் தலைமை மேஸ்திரி. அவர் கட்டிய பாடிகள் குஜராத்தில் காண்ட்லா துறைமுகம் வரைக்கும் போய் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கின்றன. ஆனால் அத்தனை வருடத்தில் அவர் செய்த எதிலும் வளைவு என்பது கிடையாது. லாரி என்பது நான்கு மூலைகள். மூலைமட்டம் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பழக்கத்திலேயே முதல் கப்பலையும் கட்டினார். நாலடி நீளம், கன கச்சிதமான நீள்சதுரம், முன்னால் மட்டும் ஒரு மூக்கு. பட்டறையில் எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். பெயிண்டர் தமிழரசுதான் வாயைத் திறந்தான். “நல்லாருக்குதுண்ணா. பால் டேங்கரா, டீசல் டேங்கரா?” அன்று மாலையே அது பட்டறைக் காவலாளியின் வெந்நீர் அடுப்புக்குப் போனது.

இது இரண்டாவது. நடுவில் ஒரு முதுகெலும்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புகள் போலப் பதினேழு சட்டங்கள், அவற்றின் மேல் அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு பட்டையாக வளைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சட்டமும் பக்கத்துச் சட்டத்தைவிடக் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் குண்டு. மூலைமட்டம் எந்த இடத்திலும் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரிந்தது.

கப்பல் கேட்டவர் பட்டறை முதலாளி மயில்சாமி. நாற்பது ஏக்கரும், மூன்று போர்வெல் வண்டிகளும், எதைத் தொடங்கினாலும் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கும் பழக்கமும் உள்ளவர். இந்த வருட ஆயுத பூசைக்கு வழக்கமான கொய்யாப்பழம், பொரிகடலையோடு நிறுத்தக் கூடாது, நிஜமாகவே ஓர் ஆயுதத்தை வைத்துக் கும்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றக் காரணம் உபகாரசாமியின் மகன் ஜெரின். ஜெரின் கடற்படையில், போர்க்கப்பலில் இருக்கிறான்.

அங்கே சமையல்காரனாக இருக்கிறான். அதுதான் பட்டறைக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன், பையன் சேர்ந்த புதிதில், “கப்பல்ல என்ன வேலைங்க மேஸ்திரி?” என்று மயில்சாமி கேட்டார். பக்கத்தில் ராஜ்கோட்டிலிருந்து வந்த இரண்டு லாரிக்காரர்கள் நின்றார்கள். சுற்றிலும் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. உபகாரசாமியின் வாயில் “பீரங்கிக்குப் பக்கத்துலீங்க” என்று வந்துவிட்டது. பொய்யும் லாரியும் ஒன்று. புறப்படும்போது இருக்கும் பாரம் வேறு, போய்ச் சேரும்போது இருக்கும் பாரம் வேறு. இரண்டாம் வருடம் ஜெரின் பீரங்கியை இயக்கினான். நான்காம் வருடம், “நம்ம பட்டறைப் பையன் பட்டனை அமுக்குனாத்தானுங்க ஏவுகணை போவும்” என்று மயில்சாமி டீக்கடையில் சொல்ல, அதை உபகாரசாமி டீ குடித்துக்கொண்டே கேட்டார். தம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

இசபெல்லாவுக்கு இது தெரிந்த நாளில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். இருபத்தாறு வருடமாக நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறாள். ஜெரின் அந்த அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பையன் கரண்டி புடிக்கறது உங்களுக்கு வெக்கமா இருக்குதுன்னா, நான் இத்தன வருசமா புடிக்கறது?”

உபகாரசாமி மூலைமட்டத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதன் பிறகு அவள் சிரித்துப் பேசினாள், கிண்டல் செய்தாள், சோறு போட்டாள். ஆனால் தட்டை வைத்துவிட்டு “எப்படி இருக்குது?” என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். இரண்டு வருடமாகிறது.

இப்போது ஜெரின் ஆயுத பூசைக்கு விடுமுறையில் வருகிறான். மாலை, பொன்னாடை, மேடை எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அப்பா கட்டிவைத்திருக்கும் பொய் அவனுக்குத் தெரியாது.

ஐந்தாவது சட்டத்துக்கும் பன்னிரண்டாவது சட்டத்துக்கும் நடுவில் கப்பலின் வயிறு நன்றாக அகன்றிருந்தது. மேல்தளம் போட்டு மூடுவதற்கு முன் அந்தக் காலி இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த உபகாரசாமி, மகனுக்குப் போன் போட்டார்.

“சாமி, உங்க சமையக்கட்டு கப்பல்ல எந்தப் பக்கம்டா இருக்குது? முன்னாலயா, நடுவாலயா?”

“அப்பா, கப்பல்ல எது எங்க இருக்குதுன்னு போன்ல சொல்லக் கூடாதுங்கப்பா.”

“சோத்துச் சட்டி எங்க இருக்குதுன்னு கூடவாடா?”

“அதையுந்தானுங்க.” ஜெரின் சிரித்தான். “எதுக்குங்கப்பா?”

“சும்மாதான். கப்பல் ஆடறப்ப சட்டியெல்லாம் உருளாதா?”

“அடுப்பச் சுத்திக் கம்பி இருக்குதுங்க. சட்டி நகராது. ஆனா உள்ள இருக்கற சாம்பார என்ன பண்றதுங்க? கப்பல் சாயறப்ப சாம்பாரும் சாய்ஞ்சு அந்தப் பக்கம் போவும். நாம கரண்டியோட நின்னுட்டிருக்கோணும். சித்த நேரத்துல அதுவா திரும்பி வரும்.”

கம்பி என்றது போதுமாயிருந்தது. ஞாயிறு மதியங்களில் இசபெல்லா சர்ச் அன்பியத்தின் செபக் கூட்டத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவர் வேலை செய்தார். லாரி கேபினுக்கு அடிக்கும் அலுமினிய ரிவெட்டின் தலைகளைக் குழித்து அண்டாக்கள் செய்தார். நான்கு கண் அடுப்பு, அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பி. நகத்தளவில் ஓர் இட்லிப் பானை. சுவரில் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் அடியில் ஊசியாணி அடித்து, பசை வைத்து, இழுத்துப் பார்த்து உறுதி செய்தார். அவர் இறுக்கிய எதுவும் காண்ட்லா வரை போய்த் திரும்பினாலும் அசையாது. யாரும் பார்க்கப் போவதில்லை. மேல்தளத்தை ஒட்டிவிட்டால் அது இருப்பது அவருக்கும் கப்பலுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்குச் சொல்ல முடியாத உண்மையை வைக்க ஓர் இடம் கிடைத்தது என்று நினைத்தார். கொஞ்சம் நிம்மதியாகவும், அந்த நிம்மதியே கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது.

மூடுகிற அன்று பாதியில் பசை தீர்ந்துபோனது. மேல்தளப் பலகையைச் சும்மா எடுத்துவைத்து, ஈரத்துணியைப் போர்த்திவிட்டுப் பட்டறைக்குப் போய்ப் பசை வாங்கிவந்தார். திரும்பியபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். இசபெல்லா வாசலில் உட்கார்ந்து முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கே மூடிருவீங்களா?”

“மூடித்தான ஆவோணும்.”

“மூடுங்க, மூடுங்க,” என்றாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு மெருகு வேலை. பட்டைகளின் இடுக்குகளில் பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, ஈரத்தோடு ஒரு தேய்ப்பு. பதினோரு நாளில் அது மரம் என்பதே மறந்துபோய், உள்ளங்கைக்குக் கீழே குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு மாதிரி ஆனது. தமிழரசு சாம்பல் நிறம் அடித்தான். அடித்துவிட்டுக் கை சும்மா இருக்கவில்லை.

“அண்ணா, பின்னாடி ‘ஒலி எழுப்பவும்’ எழுதட்டுங்களா?”

“போர்க்கப்பலுக்குப் பின்னாடி வந்து எவன்டா ஒலி எழுப்புவான்?”

“சரி, திருஷ்டிக்கு ஒரு பூதமாச்சும்?”

பூதத்துக்கு அவர் ஒத்துக்கொண்டார். அடியில், தண்ணீருக்குள் போகும் இடத்தில், சின்னதாக.

ஜெரின் பூசை அன்று காலையில்தான் வந்து இறங்கினான். பையை வைத்ததும் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கினான். அவன் வெங்காயம் நறுக்கும் வேகத்தை உபகாரசாமி கதவோரம் நின்று பார்த்தார். இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாக மரம் வருவதுபோல் வெங்காயம் வந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். “வெள்ளை யூனிஃபாரம் கொண்டாந்தியா சாமி?” என்றுதான் வந்தது.

பட்டறை வாசலில் பத்தடி உயரத்தில் ஃப்ளெக்ஸ் நின்றது. ஜெரினின் தலைக்குப் பின்னால் மூன்று ஏவுகணைகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கீழே, ‘ஏவுகணை நாயகனே வருக’. அதற்கும் கீழே, ஜெரினைவிடப் பெரிதாக, கைகூப்பிய மயில்சாமி. ஜெரின் நின்று முழுவதும் படித்தான். அப்பாவின் பக்கம் திரும்பாமல் சொன்னான். “போட்டோ நல்லாருக்குதுங்கப்பா.”

உபகாரசாமிக்குச் செருப்பைக் கழற்றுவதில் நிறைய நேரம் பிடித்தது.

கம்ப்ரஸர், வெல்டிங் மிஷின், கட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நடுவில் மேசைமேல் கப்பல், நெற்றியில் விபூதிப் பட்டையோடு. மயில்சாமி நாட்டின் எல்லைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சேலத்தைத் தாண்டினால் அவருக்குத் தலைசுற்றும் என்பது தெரிந்தவர்களும் கைதட்டினார்கள். ஜெரினின் கழுத்தில் மாலை விழுந்தது. அவன் அடிவாங்கும் பிள்ளை மாதிரி நேராக நின்றான். சிறப்பு விருந்தினர், டயர் கடை பாலசுந்தரம், போட்டோவுக்காகக் கப்பலைத் தூக்கித் தலைக்கு மேல் சாய்த்தார்.

உள்ளே சலசலவென்று ஏதோ ஓடியது.

பாலசுந்தரம் மறுபக்கம் சாய்த்தார். மறுபடி ஓடியது.

“மேஸ்திரி, உள்ள என்னமோ உருளுதுங்களே?” மயில்சாமியின் முகம் விழுந்துவிட்டது. “ஒடஞ்சு போச்சுங்களா?”

“குண்டாத்தானுங்க இருக்கும்,” என்றான் தமிழரசு.

உடையவில்லை என்று உபகாரசாமிக்குத் தெரியும். அவர் அடித்த ஊசியாணி எதுவும் கழன்றிருக்காது. அதுவுமில்லாமல் இது உலோகத்தின் சத்தமே இல்லை. காய்ந்த, லேசான, பசை வாங்கிவந்த அன்று வாசலில் முறத்திலிருந்து கேட்ட சத்தம். அவர் நிமிர்ந்து பார்த்தார். பொரித் தட்டோடு பெண்கள் பக்கம் நின்ற இசபெல்லா, விலைக்கு வாங்கப் போகிறவள் மாதிரி கம்ப்ரஸரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துவரம் பருப்புங்க,” என்றார் உபகாரசாமி.

“போர்க்கப்பல்ல எதுக்குங்க பருப்பு?”

“உள்ள சமையக்கட்டு இருக்குதுங்க. அடுப்பு, அண்டா எல்லாம் வெச்சிருக்கறன். எம்பையன் நிக்கற எடம் அதுதானுங்க. முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடறான்.” வாசலில் நின்ற ஃப்ளெக்ஸைக் காட்டினார். “பீரங்கி, ஏவுகணையெல்லாம்… நாஞ்சொன்ன பொய்யிங்க.”

 மயில்சாமி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அதில் கைகூப்பிய தன்னையும் பார்த்தார்.

“அப்ப அந்தப் பட்டனு?” என்றார், பாவமாக.

“அது இருக்குதுங்க,” என்றான் ஜெரின். “மாவு கிரைண்டர் பட்டன். நாந்தானுங்க அமுக்கறது.”

முதலில் சிரித்தது தமிழரசா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. கம்ப்ரஸரைப் பார்ப்பதை விட்டுவிட்டு இசபெல்லா தன் புருஷனைப் பார்த்தாள். தட்டிலிருந்த பொரி கொஞ்சம் சிந்தியது.

ஜெரின் மாலையைக் கழற்றாமலே பாலசுந்தரத்தின் கையிலிருந்து கப்பலை வாங்கினான். குழந்தையை வாங்குவதுபோல் அடியில் கைகொடுத்து வாங்கி, அதன் வயிற்றில் காதை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தான். பருப்பு அந்தப் பக்கம் போனது. அவன் காத்திருந்தான். சித்த நேரத்தில் அது திரும்பி வந்தது.